திரை தமிழுக்கு மாறவில்லையா? விண்டோஸ் மொழிக் கோளாறை அறிகுறி பார்த்துத் திருத்துவது

ஹட்டனுக்கும் மஸ்கெலியாவுக்கும் இடையில் உள்ள தோட்டங்களிலிருந்து என் மேசைக்கு வரும் கணனிகளில், திரும்பத் திரும்ப ஒரே மாதிரி வருவது மொழிக் கோளாறுதான். குவைத்தில் வேலை செய்துவிட்டு வந்த அக்கா அரபு மடிக்கணனியைத் தூக்கிக்கொண்டு வருவார். தமிழ் மொழிமூலம் படிக்கும் பிள்ளை, புத்தகத்தில் ‘கோப்புறை’ என்று படித்ததைத் திரையில் தேடிக் களைத்துப்போய் வரும். யாரோ தமிழுக்கு மாற்றிவைத்ததால் கடவுச்சொல் பிடிக்கவில்லை என்று தோட்டத்துக் கிளார்க் அண்ணன் வருவார்.

ஒரு குடும்பம் மொழி மாற்றுவதற்காக டவுனில் ஒரு கடையில் மடிக்கணனியைக் கொடுத்தது. கடைக்காரர் ஃபார்மட் அடித்துத் திருப்பிக் கொடுத்தார். திரை ஆங்கிலமாகியிருந்தது. ஆனால் அந்த அம்மா ஐந்து வருசம் வெளிநாட்டில் சேர்த்த படங்களும் மகளின் பாடக் குறிப்புகளும் போய்விட்டன. அவற்றை என்னால் மீட்க முடியவில்லை. அந்தக் கணனிக்குத் தேவைப்பட்டது ஐந்து நிமிட வேலை. மொழிக்காக ஃபார்மட் அடிக்கச் சொன்னால், கீழே உள்ளதை ஒருமுறை பார்த்த பிறகு முடிவெடுங்கள்.

## தொடங்குமுன்

விண்டோஸ் விசையையும் ‘ஆர்’ எழுத்தையும் சேர்த்து அமுக்கினால் சின்னப் பெட்டி ஒன்று வரும். அதில் ‘வின்வெர்’ என்பதை ஆங்கில எழுத்தில் (டபிள்யூ, ஐ, என், வி, இ, ஆர்) அடித்து என்டர் கொடுங்கள். விண்டோஸ் 10-ஆ, 11-ஆ என்று காட்டும். செட்டிங்ஸில் ‘சிஸ்டம்’, அதற்குள் ‘எபவுட்’ போனால் ‘எடிஷன்’ என்ற வரி இருக்கும். இரண்டையும் ஒரு தாளில் எழுதி வையுங்கள். பாதிக் கேள்விகளுக்கு அந்தத் தாளே பதில் சொல்லிவிடும்.

பேட்டரியில் சார்ஜ் இருக்கட்டும். மழைக்காலத்தில் கரண்ட் போய்வரும் நேரத்தில் இந்த வேலையைத் தொடங்காதீர்கள்.

## அறிகுறி 1: தமிழைச் சேர்த்தாயிற்று, திரை மொழிப் பட்டியலில் அது வரவில்லை

இலங்கைத் தமிழைத் தெரிவு செய்தீர்களா? பெரும்பாலும் காரணம் இதுதான். மொழி சேர்க்கும் பட்டியலில் தமிழ் இந்தியா, இலங்கை என்று நாட்டுப் பெயரோடு தனித்தனியாக இருக்கும். நாம் இயல்பாக இலங்கையைத்தான் தொடுவோம். ஆனால் மெனுக்களைத் தமிழாக்கும் மொழிப்பொதி ‘தமிழ் (இந்தியா)’ என்பதற்கே உண்டு. மற்றது விசைப்பலகைக்கும் தேதி, எண் வடிவத்துக்கும் உதவும். திரையை மாற்றாது.

சரிபார்க்க வழி உண்டு. மொழியின் பெயருக்குப் பக்கத்தில் சின்னச் சின்னப் படக்குறிகள் இருக்கும். திரையும் எழுத்தும் சேர்ந்த குறி இருந்தால்தான் அது திரை மொழியாகும். செட்டிங்ஸ், ‘டைம் அண்ட் லாங்குவேஜ்’, ‘லாங்குவேஜ்’ (11-இல் ‘லாங்குவேஜ் அண்ட் ரீஜன்’) போய் ‘தமிழ் (இந்தியா)’வைச் சேருங்கள். அடுத்த திரையில் மொழிப்பொதி என்ற கட்டத்தில் டிக் இருக்க வேண்டும். பேச்சு, கையெழுத்து போன்றவை கேட்டால் டிக்கை எடுத்துவிடுங்கள், டேட்டா மிஞ்சும்.

ஏற்கெனவே இருக்கும் ஆங்கிலத்தை நீக்கிவிடாதீர்கள். விண்டோஸ் 10-இல் தமிழ் தனியாக நிற்கும் மொழி அல்ல. ஆங்கிலத்தின் மேல் போர்த்திய துணி மாதிரி அது. தமிழாக்கப்படாத சொற்கள் அடியில் இருக்கும் ஆங்கிலத்திலிருந்தே வரும்.

‘உங்கள் உரிமம் ஒரு திரை மொழியை மட்டுமே அனுமதிக்கிறது’ என்ற பொருளில் ஆங்கிலச் செய்தி வருகிறதா? எழுதி வைத்த தாளைப் பாருங்கள். எடிஷன் வரியில் ‘ஹோம் சிங்கிள் லாங்குவேஜ்’ என்று இருக்கும். விலை குறைந்த மடிக்கணனிகள் பலவற்றில் தொழிற்சாலையிலேயே இதைத்தான் போட்டு அனுப்புகிறார்கள். இது பழுதல்ல, உரிமத்தின் எல்லை. நேர்மையான வழி ‘புரோ’ பதிப்புக்கு உயர்த்துவது. கோப்புகள் அப்படியே இருக்கும், ஆனால் காசு வேண்டும். மைக்ரோசாஃப்ட் ஸ்டோரில் அதன் விலை 99 அமெரிக்க டொலர்.

மெனுக்கள் தமிழில் தெரிவதற்காக மட்டும் ஒரு தோட்டத்துக் குடும்பம் அந்தக் காசைச் செலவழிக்க வேண்டாம் என்பேன். சிங்கிள் லாங்குவேஜ் கணனியிலும் தமிழ் விசைப்பலகை வேலை செய்யும், தமிழ் எழுத்துரு வேலை செய்யும், உலாவியைத் தனியாகத் தமிழாக்கலாம். பிள்ளை அதிக நேரம் இருப்பதும் உலாவியில்தான்.

செட்டிங்ஸ் பக்கத்தின் மேலே ‘சில அமைப்புகளை உங்கள் நிறுவனம் நிர்வகிக்கிறது’ என்ற பொருளில் ஒரு வரி இருக்கிறதா? அது பாடசாலை, அலுவலகக் கணனிகளில் வரும். அங்கே நிறுத்திவிட்டுப் பொறுப்பானவரிடம் கேளுங்கள். சொந்தக் கணனியில் வந்தால், முன்பு யாரோ கட்டுப்பாடு போட்டு வைத்திருக்கிறார்கள். இதை நீங்களாகத் தோண்ட வேண்டாம், தொழில் தெரிந்தவரிடம் கொடுங்கள்.

## அறிகுறி 2: மொழிப்பொதி இறங்கத் தொடங்கி அப்படியே நிற்கிறது

முதலில் கடிகாரம். இணையக் கோளாறு என்று கொண்டுவந்த ஒரு மேசைக்கணனியில் திகதி பத்து வருசம் பின்னால் நின்றது. நேரம் பிழைத்தால் பாதுகாப்பான இணைப்புகள் எல்லாம் மறுத்துவிடும், ஸ்டோரும் திறக்காது. திகதியைத் திருத்துங்கள். மறுநாள் திரும்பவும் பின்னால் போனால், உள்ளே இருக்கும் நாணயம் போன்ற மின்கலம் தீர்ந்துவிட்டது. பெரும்பாலும் அது சிஆர் 2032, 3 வோல்ட், கைக்கடிகாரக் கடையிலும் கிடைக்கும். மேசைக்கணனி என்றால் கரண்ட் வயரைக் கழற்றிவிட்டு நீங்களே மாற்றலாம். மடிக்கணனியைத் திறக்கத் தெரிந்தவரிடம் கொடுங்கள்.

போன் ஹொட்ஸ்பொட்டில் இருக்கிறீர்களா? எங்கள் பக்கம் வீட்டுக்கு வீடு இதுதான். சிக்னலுக்காகக் கொழுந்து மடுவத்துக்கு மேலே உள்ள திட்டிவரை மடிக்கணனியைத் தூக்கிக்கொண்டு போகும் பிள்ளைகளும் உண்டு. அந்த இணைப்பில் ‘மீட்டர்ட் கனெக்‌ஷன்’ ஓன் ஆகியிருந்தால், டேட்டாவைக் காப்பாற்றுவதாக நினைத்து விண்டோஸ் பதிவிறக்கத்தைத் தள்ளிப்போடும். வைஃபை பெயரைத் தொட்டு அதன் ‘புரொப்பர்ட்டீஸ்’ உள்ளே போய் அதை ஓஃப் செய்யுங்கள். வேலை முடிந்ததும் மறக்காமல் திரும்ப ஓன் செய்யுங்கள். இல்லாவிட்டால் மாத டேட்டாவை விண்டோஸ் அப்டேட் ஒரே இரவில் குடித்துவிடும்.

சி டிரைவில் இடம் இருக்கிறதா? சிவப்புக் கோடு தெரிந்தால் வீடியோக்களை வேறிடத்துக்கு மாற்றிவிட்டு மறுபடி முயலுங்கள்.

80070422 என்று முடியும் பிழை எண் வருகிறதா? ஒரு சேவை அணைக்கப்பட்டிருக்கிறது என்று அர்த்தம். எங்கள் ஊரில் அது எது என்று நான் கேட்கவே தேவையில்லை. டேட்டா போகிறது என்று யாராவது விண்டோஸ் அப்டேட்டை அணைத்துக் கொடுத்திருப்பார்கள். அதை அணைத்தால் மொழிப்பொதியும் வராது. விண்டோஸ் விசை, ஆர், பிறகு ‘சர்வீசஸ்’, புள்ளி, எம்எஸ்சி என்று ஆங்கில எழுத்தில் அடியுங்கள். பட்டியலின் அடியில் ‘விண்டோஸ் அப்டேட்’ இருக்கும். இரட்டைச் சொடுக்கி ‘டிஸேபிள்ட்’ என்பதை ‘மேனுவல்’ ஆக்கி, ‘அப்ளை’ கொடுத்து, ‘ஸ்டார்ட்’ அமுக்குங்கள்.

இவ்வளவும் செய்தும் வரவில்லை, ஸ்டோர் என்ற செயலியே கணனியில் இல்லை. பாகங்களை வெட்டிக் குறைத்த விண்டோஸை யாரோ போட்டிருக்கிறார்கள். மீண்டும் நிறுவத்தான் வேண்டும் என்று நான் சொல்லும் இடம் இது ஒன்றுதான். அதற்கு முன்பு எல்லாக் கோப்புகளையும் வெளியே பிரதி எடுக்க வேண்டும்.

## அறிகுறி 3: பொதி இறங்கிவிட்டது, திரை இன்னும் ஆங்கிலம் அல்லது பாதிக்குப் பாதி

திரை மொழி மாற வெளியேறி மறுபடி உள்நுழைய வேண்டும். மடிக்கணனியை மூடித் திறப்பது போதாது, அது தூங்கி எழும்புவதுதான். ‘சைன் அவுட்’ கொடுங்கள்.

அதற்குப் பிறகும் உள்நுழையும் திரை மட்டும் ஆங்கிலத்தில் நின்றால், அது தனி இடம். விண்டோஸ் விசை, ஆர் அமுக்கி, ஐ, என், டி, எல், புள்ளி, சி, பி, எல் (intl.cpl) என்று அடித்தால் பழைய ‘ரீஜன்’ பெட்டி வரும். ‘அட்மினிஸ்ட்ரேட்டிவ்’ பக்கத்தில் ‘கொப்பி செட்டிங்ஸ்’ என்ற பொத்தான் உண்டு. அதன் அடியில் இருக்கும் இரண்டு கட்டங்களில் முதலாவது வரவேற்புத் திரைக்கு, மற்றது இனி உருவாக்கும் கணக்குகளுக்கு. வீட்டில் எல்லோரும் தமிழ்தான் பார்ப்பார்கள் என்றால் இரண்டிலும் டிக் போடலாம்.

ஆழமான பக்கங்களில் ஆங்கிலம் எட்டிப்பார்த்தால் அது பழுதல்ல. மொழிபெயர்க்கப்படாத இடம், அவ்வளவுதான். இதைத் திருத்தித் தருகிறேன் என்று யாராவது காசு கேட்டால் கொடுக்காதீர்கள்.

உலாவிக்கும் ஒஃபீஸ் மென்பொருளுக்கும் தனித்தனி மொழி அமைப்பு. குரோமில் செட்டிங்ஸ், ‘லாங்குவேஜஸ்’ போய்த் தமிழைச் சேர்த்து, பக்கத்துப் புள்ளிகளைத் தொட்டு, குரோமை இந்த மொழியில் காட்டு என்பதைத் தெரிவு செய்ய வேண்டும். லிப்ரே ஒஃபீஸில் தமிழ் காட்டவில்லை என்றால், நிறுவும்போது அந்த மொழியைத் தெரிவு செய்யாமல் விட்டிருப்பார்கள். நிறுவியை மறுபடி ஓட்டி ‘கஸ்டம்’ வழியாகச் சேர்க்கலாம்.

## அறிகுறி 4: மாற்றிய பிறகு கடவுச்சொல் பிழை என்கிறது

ஒரு ஆசிரியை காலை ஏழு மணிக்கு அழைத்தார். பாடசாலைக்குக் கொண்டுபோக வேண்டிய கணனி திறக்கவில்லை. “நேத்து ராத்திரி வரைக்கும் இதே பாஸ்வேர்ட்தான், நான் மாத்தவே இல்ல” என்றார். கடவுச்சொல் கட்டத்தின் ஓரத்தில் கண் மாதிரி ஒரு குறி இருக்கும், அதை அமுக்கிக்கொண்டு என்ன தெரிகிறது என்று சொல்லுங்கள் என்றேன். சற்று நேரம் சத்தமில்லை. பிறகு, “தமிழ் எழுத்தா வருது சேர்.”

விளக்கம் அவ்வளவுதான். தமிழைச் சேர்த்ததும் தமிழ் விசைப்பலகையும் கூடவே வந்துவிடுகிறது. கடவுச்சொல்லை அதே விசைகளில்தான் அடிக்கிறீர்கள், உள்ளே போவது வேறு எழுத்து. திரையின் கீழ்மூலையில் விசைப்பலகைக் குறியைப் பாருங்கள். விண்டோஸ் விசையைப் பிடித்துக்கொண்டு இடைவெளி விசையைத் தட்டினால் ஆங்கிலத்துக்கு மாறும். கேப்ஸ் லொக்கையும் பாருங்கள்.

உள்ளே போனதும் மொழிப் பக்கத்தில் ஆங்கில விசைப்பலகையை முன்னிருப்பாக வையுங்கள். தமிழ் எழுத விண்டோஸிலேயே தமிழ் 99, அஞ்சல் ஆகியவை இருக்கின்றன. இலங்கைத் தரமான எஸ்எல்எஸ் 1326 சொல்லும் ரெங்கநாதன் விசைப்பலகை அந்தப் பட்டியலில் இல்லை. தேவைப்படுகிறவர்கள் தனியாக நிறுவ வேண்டும்.

ஆங்கிலத்துக்கு மாற்றிய பிறகும் கடவுச்சொல் ஏற்கவில்லை என்றால், அடித்து அடித்துப் பார்க்காதீர்கள். அதற்குமேல் அது மொழிக் கோளாறு அல்ல.

## அறிகுறி 5: முழுக் கணனியும் அரபில், ஒன்றும் வாசிக்க முடியவில்லை

வளைகுடாவிலிருந்து வரும் மடிக்கணனிகள் எங்கள் மலையகத்தில் நிறைய. திறந்தால் எல்லாமே இடம் மாறியிருக்கும். சாளரத்தை மூடும் பெருக்கல் குறி இடது மேல்மூலையில் இருக்கும். விண்டோஸ் 10 என்றால் ஸ்டார்ட் பொத்தான் வலது கோடியில் இருக்கும். பயப்பட ஒன்றுமில்லை. அரபு வலமிருந்து இடமாக எழுதும் மொழி, திரையும் கண்ணாடியில் பார்ப்பதுபோல் திரும்பியிருக்கிறது.

வாசிக்கத் தெரியாமலே மாற்றலாம். விண்டோஸ் விசையையும் ஐ விசையையும் அமுக்குங்கள், செட்டிங்ஸ் திறக்கும். படங்களில் கடிகாரம் உள்ளதைத் தொடுங்கள். உள்ளே ஓரப் பட்டியலில் எழுத்துப் படம் போட்ட வரிதான் மொழி. அந்தப் பக்கத்தின் மேலே இருக்கும் முதல் இறங்குபட்டியலைத் திறந்தால், ஒவ்வொரு மொழியும் தன் சொந்த எழுத்திலேயே தெரியும். ஆங்கிலம் அங்கே இருந்தால் தொடுங்கள். வெளியேறவா என்று ஒரு பெட்டி கேட்கும். அந்தப் பெட்டியைத் தவற விட்டுவிட்டால், கொன்ட்ரோல், ஓல்ட், டெலீட் மூன்றையும் சேர்த்து அமுக்கி, கீழ்மூலையில் உள்ள பவர் படத்தைத் தொட்டு மறுபடி தொடங்குங்கள்.

ஆங்கிலம் அங்கே இல்லையென்றால் கூட்டல் குறியைத் தொட்டுத் தேடல் கட்டத்தில் ‘இங்கிலிஷ்’ என்று ஆங்கில எழுத்தில் அடியுங்கள். அடிக்கும்போது அரபு எழுத்து விழுந்தால், அறிகுறி 4-இல் சொன்ன விண்டோஸ் விசை, இடைவெளி விசைதான் மருந்து.

முதலில் ஆங்கிலத்துக்குப் போய்ச் சரியாக நின்ற பிறகே தமிழுக்குப் போங்கள். அரபிலிருந்து நேரே தமிழுக்குத் தாவப் பார்த்தால் அடியில் ஆங்கிலம் இல்லாமல் சிக்கும்.

ஒரே மொழி என்ற செய்தி வந்தால் அறிகுறி 1-க்குத் திரும்புங்கள். வாசிக்கவே முடியாத மொழியில் மாட்டிய ஒரு மொழிப் பதிப்புக்கு மட்டும் புரோவுக்கு மாறுவதில் நியாயம் இருக்கிறது. கடைக்குப் போவதென்றால் போங்கள், படங்களைப் பென்டிரைவில் எடுத்த பிறகு.

## அறிகுறி 6: தமிழ் இருக்க வேண்டிய இடத்தில் பெட்டிகள் அல்லது ஆங்கிலக் குழப்பம்

இரண்டும் வேறு வேறு கோளாறு.

வெற்றுப் பெட்டிகள்: எழுத்துரு இல்லை. விண்டோஸ் 8 முதல் திரைத் தமிழுக்கு உதவுவது நிர்மலா யூஐ. செட்டிங்ஸில் ‘பேர்சனலைசேஷன்’, ‘ஃபொன்ட்ஸ்’ போய் அது இருக்கிறதா என்று தேடுங்கள். பழைய ஆவணங்களில் மட்டும் எழுத்து மாறித் தெரிந்தால், லதா, விஜயா எழுத்துருக்கள் ‘ஒப்ஷனல் ஃபீச்சர்ஸ்’ பகுதியில் தமிழ்த் துணை எழுத்துருக்களாகக் கிடைக்கும்.

ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகக் கிடக்கும் வரிகள்: ‘தமிழ்’ என்று இருக்க வேண்டிய இடத்தில் ஜே, கே, பி, ஓ, பிறகு ஒரு அரைப்புள்ளி தெரிந்தால், அது பாமினியில் அடித்தது. பாடசாலைச் சுற்றறிக்கைகள், கோயில் நோட்டீசுகள், பழைய வினாத்தாள்கள் எத்தனையோ இன்னும் பாமினியில்தான் கிடக்கின்றன. கணனி மொழியை எத்தனை முறை மாற்றினாலும் இது திருந்தாது, ஏனென்றால் கோப்புக்குள் இருப்பதே ஆங்கில எழுத்துகள். பாமினி எழுத்துருவை நிறுவி, வரிகளைத் தெரிவு செய்து அந்த எழுத்துருவைக் கொடுத்தால் தமிழாகும். நிலையாக வேண்டுமென்றால் யூனிக்கோடுக்கு மாற்றும் கருவியில் போட்டு எடுங்கள்.

இதைத் திருத்துவதாக நினைத்து ‘ரீஜன்’ பெட்டியில் உள்ள யூடிஎஃப்-8 பீட்டா கட்டத்தில் டிக் போட்டுவிடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். பாமினிக்கு அதனால் ஒரு பயனும் இல்லை. பழைய சம்பள மென்பொருள் போன்றவை அதனால் குழம்பக்கூடும். போட்டிருந்தால் எடுத்துவிடுங்கள்.

## அறிகுறி 7: மாறுகிறது, ரீஸ்டார்ட் செய்தால் பழையபடி

பாடசாலைக் கணனி அறை என்றால், ஒவ்வொரு முறை தொடங்கும்போதும் பழைய நிலைக்குத் திருப்பும் மென்பொருள் ஓடுகிறது. அதைப் போட்டவர்தான் திறந்துவிட வேண்டும். பூட்டைத் திறந்து, மொழியை மாற்றி, மறுபடி பூட்டச் சொல்லுங்கள்.

வீட்டுக் கணனி என்றால் மைக்ரோசாஃப்ட் கணக்கைப் பாருங்கள். ஒரே கணக்கை இரண்டு கணனிகளில் பயன்படுத்தினால் மொழி விருப்பமும் ஒன்றிலிருந்து மற்றதற்குப் போகும். ‘அக்கவுண்ட்ஸ்’ பகுதியில் ஒத்திசைவில் மொழியை மட்டும் அணைத்துவிடுங்கள்.

## அறிகுறி 8: கணக்குத் தாளில் ரூபாயும் காற்புள்ளியும் மாறிவிட்டன

வட்டார வடிவம் திரை மொழியைப் பின்பற்றும்படி விடப்பட்டிருந்தால், தமிழ் (இந்தியா)வுக்குப் போனதும் இந்திய ரூபாய்க் குறியும் 12,34,567 என்ற காற்புள்ளி முறையும் வரும். சம்பளத் தாள் தயாரிக்கிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். தொகை மாறவில்லை, காட்டும் விதம்தான் மாறியது. அறிகுறி 3-இல் சொன்ன ‘ரீஜன்’ பெட்டியில் ‘அடிஷனல் செட்டிங்ஸ்’ போய், ‘கரன்சி’ பக்கத்தில் குறியை ‘ரூ.’ என்று அடித்து, அங்கும் ‘நம்பர்ஸ்’ பக்கத்திலும் எண் பிரிப்பை 123,456,789 வடிவத்துக்கு மாற்றுங்கள். நேர வலயத்தில் ‘ஸ்ரீ ஜயவர்தனபுர’ என்று தனி வரி இருக்கிறது, அதையே வையுங்கள்.

## கடைக்குக் கொண்டுபோக வேண்டி வந்தால்

வெட்டிக் குறைத்த விண்டோஸ், யார் போட்டதென்று தெரியாத நிறுவனக் கட்டுப்பாடு, மடிக்கணனிக்குள் இருக்கும் மின்கலம், புரோ உரிமம் வாங்குவது. இந்த நாலுக்கும் ஆள் தேவை. போகுமுன் படங்களையும் ஆவணங்களையும் பென்டிரைவில் எடுத்துவிட்டு, அந்தப் பென்டிரைவை வேறு ஒரு கணனியில் போட்டு இரண்டு மூன்று படங்களைத் திறந்து பாருங்கள். முதலில் எழுதி வைத்த தாளையும் கொண்டுபோங்கள். “திரை மொழியை மட்டும் மாற்ற வேண்டும், எங்களைக் கேட்காமல் ஃபார்மட் அடிக்க வேண்டாம்” என்று வாயால் சொல்வதோடு விடாமல், அவர்கள் தரும் ரசீதிலும் எழுதச் சொல்லுங்கள்.